நெஞ்சுக்குள் கட்டிய தண்ணீர்

அந்த அம்மா எங்கள் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்த அன்று கட்டிலில் படுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் படுக்கச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது, அதுவும் துண்டு துண்டாக.

"படுத்தா அடைக்குதுங்க மிஸ்ஸி. ரெண்டு மாசமா குந்திக்கிட்டுத்தான் தூங்குறேன்."

எண்பதுகளின் தொடக்கம் அது. வன்னியில், பெரிய வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டுத் தாதியாக, நோயாளிகளின் பேச்சில் 'மிஸ்ஸி'யாக, இருந்தேன். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் காட்டுப் பக்கமே புதிது. அந்த அம்மாவின் தமிழும் புதிதாக இருந்தது. மலையகத்தில் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு கணவரோடு வந்து செட்டிகுளத்துக்கு அப்பால் ஒரு குடியேற்றத்தில் காடு வெட்டிக் கச்சானும் உழுந்தும் போட்டுக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியான உடம்பு, ஆனால் கைகள் இரண்டும் உழைத்து முறுகியவை.

அவரிடம் ஒரு பழைய ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு இருந்தது. வேறோர் இடத்தில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்து, நெஞ்சில் தண்ணீர் கட்டியிருக்கிறது, கசம், அதாவது காசநோய் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு மாதமாக நாள் தவறாமல் ஊசி, கைநிறையக் குளிசை. அதில் பிழை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் வன்னியில் நெஞ்சுத் தண்ணீர் என்றால் பத்தில் ஒன்பது கசமாகத்தான் இருக்கும் என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். நானும் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு அதையே கொப்பியில் பதிந்தேன்.

அப்போது எங்கள் வாட்டுக்கு ஒரு இளம் டாக்டர் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தெற்குப் பக்கத்துச் சிங்களவர். 'நோகுதா', 'மூச்சை இழுங்கோ', 'வாயைத் திறவுங்கோ' என்பதோடு அவருடைய தமிழ் முடிந்துவிடும். எனக்குச் சிங்களம் தெரியாது. எங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிச் சமாளித்தோம். என் ஆங்கிலமும் மருந்துப் பெயர்களைத் தாண்டிப் பெரிதாகப் போகாது.

அவர் வந்து அந்தத் துண்டைப் படித்தார். உடனே குழாயைக் காதில் வைக்கவில்லை. அந்த அம்மாவுக்குப் பின்னால் போய் நின்று அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் மூச்சோடு ஏறி இறங்கியது. இடப்பக்கம் அசையவேயில்லை என்று சொல்லலாம். பிறகு கழுத்துக் குழியில் விரலை வைத்துப் பார்த்தார். மூச்சுக்குழாய் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் தள்ளப்பட்டிருந்தது. அதன்பிறகு இடக்கை நடுவிரலை முதுகில் பதித்து, வலக்கை விரலால் அதன்மேல் தட்டிக்கொண்டே கீழே வந்தார். வலப்பக்கம் வெறும் பானையைத் தட்டியதுபோலக் கேட்டது. இடப்பக்கம் தோள்பட்டைக்குக் கீழே வந்ததும் சுவரைத் தட்டியதுபோல ஆகிவிட்டது.

என் கையைப் பிடித்து அங்கே வைத்து என்னையும் தட்டச் சொன்னார். காதுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்தது. உள்ளே கல்லை அடுக்கி வைத்தது போன்ற ஒரு கனம்.

'தொண்ணூற்றொன்பது' என்று சொல்லச் சொல்லி முதுகில் கையை வைத்துப் பார்ப்பது டாக்டர்மாரின் வழக்கம். தண்ணீர் இருக்கிற இடத்தில் குரலின் அதிர்வு கைக்கு வராது. இவர் அதைத் தமிழில் சொல்லப்போய் நாக்குச் சிக்கி நின்றார். அந்த அம்மா மூச்சு வாங்கலுக்கிடையிலும் திரும்பிப் பார்த்து, அந்தச் சொல்லைச் சிங்களத்தில் சொன்னார். டாக்டர் திகைத்துப்போய்ச் சிரித்துவிட்டார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையோடும் கடைக்காரரோடும் பேசிப் பழகிய சிங்களமாம். எனக்குக் கேட்க எங்கள் டாக்டர் பேசுவது போலவே இருந்தது.

அன்றைக்கே தண்ணீர் எடுத்தோம். அவரைக் கட்டிலின் ஓரத்தில் இருத்தி, முன்னால் சிறு மேசையில் தலையணை வைத்து, அதன்மேல் கைகளை மடித்துக் குனிய வைத்தேன். அந்த இடம் மரத்து விறைப்பதற்கு ஊசி போட்டுவிட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி டாக்டர் பெரிய ஊசியை ஏற்றினார். கீழ் விளிம்பில் நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுவதால் அங்கே குத்தக் கூடாது. சிரிஞ்சுக்குள் தண்ணீர் ஏறியதும் அவர் கை ஒரு கணம் நின்றது. கசத்தில் வருகிற தண்ணீர் வைக்கோல் நிறமாக இருக்கும். இது பீற்றூட் அவித்த தண்ணீர் போலச் சிவந்திருந்தது. இப்படி இரத்தம் கலந்து வந்தால் புற்றுநோயையும் தேடிப் பார்க்கவேண்டும்.

ஒரு லீற்றருக்குச் சற்று மேல் எடுத்ததும் இருமல் தொடங்கியது. அதோடு நிறுத்தினார். ஒரேயடியாக எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டால், அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்து வேறு கரைச்சல் தரும்.

ஊசியைக் கழற்றியதும் மறைப்புத் திரையை நன்றாக இழுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். அந்த அம்மாவின் முகம் மாறியது. பிறகு தானே கொக்கிகளைக் கழற்றினார். இடது மார்பில், பாக்கு அளவில், கல்லுப்போல ஒரு கட்டி. அதன்மேல் தோல் உள்ளே இழுபட்டுச் சுருங்கியிருந்தது.

ஒன்றரை வருடமாக அது இருந்திருக்கிறது. வெட்கத்தில் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மற்ற இடத்தில் சட்டைக்கு மேலாகத்தான் குழாயை வைத்துப் பார்த்தார்களாம். அவர்களைச் சொல்லி என்ன, காலையில் ஈரத் துவாயால் அவருக்கு மேல் துடைத்துவிட்டவள் நான். முன்பக்கம் வந்ததும் துவாயை வாங்கித் தானே துடைத்துக்கொண்டார். கூச்சப்படுகிறார் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் என்னைக் குறை சொல்லவில்லை. இனிமேல் முகத்தைத் திருப்பாதே என்றார், அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீரில் புற்றுநோயின் கலங்கள், செல்கள் என்பார்களே அவை, இருக்கின்றனவா என்று கொழும்பில்தான் பார்க்க முடியும். தபாலில் அனுப்பினால் போய்ச் சேருமுன் பழுதாகிவிடும். வெள்ளிக்கிழமை டாக்டர் ஐஸ் போட்ட தேர்மஸுக்குள் போத்தலை வைத்து, அதை மடியில் வைத்தபடி ரயிலில் போனார். ஞாயிறு மாலை திரும்பி வந்து திங்கள் காலை வாட்டில் நின்றார். அவருடைய வீட்டுக்குப் போகக் கொழும்பிலிருந்து இன்னும் நான்கு மணி நேரம் ரயிலில் தெற்கே போகவேண்டும். அங்கே போகவில்லை என்று பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். தண்ணீர் எடுத்ததில் அந்த அம்மாவுக்கு மூச்சு லேசாகியிருந்தது. அந்த மூன்று கிழமையும் அவர் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் பக்கத்துக் கட்டில் வயோதிபப் பெண்ணுக்கு டாக்டர் எதையோ விளங்கப்படுத்தத் தெரியாமல் நின்றார். இவர் தன் கட்டிலிலிருந்தபடியே அதைத் தமிழில் சொல்லிவிட்டார். அடுத்த நாள் டாக்டர் வந்ததும் நேரே இவரிடம்தான் போனார். அன்றிலிருந்து காலைச் சுற்றில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டருக்கும் எனக்கும் நடுவில் கட்டில் கட்டிலாக நடந்தார். இரண்டு கட்டிலுக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குவார். நாங்களும் நிற்போம்.

டாக்டருக்கு ஆங்கிலத்தில் தடுமாறத் தேவையில்லாமல் போயிற்று. சிங்களத்தில் சொல்லுவார். அந்த அம்மா முதலில் நோயாளிக்குச் சொல்லிவிட்டு, பிறகு நான் எழுதிக்கொள்வதற்காக என் பக்கம் திரும்பி ஒருமுறை சொல்லுவார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்: "மிஸ்ஸி, டாக்டரய்யா சொல்றாரு. இந்த அம்மாவுக்கு…" மெலிதாக்கிச் சொல்கிற பழக்கம் அவரிடம் இல்லை. ஒரு பெண்ணின் கால் விரலை எடுக்கவேண்டும் என்பதை அப்படியே சொன்னபோது, கொஞ்சம் பார்த்துச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். டாக்டரய்யா சொன்னதைக் குறைக்கவும் மாட்டேன், கூட்டவும் மாட்டேன், அவங்க உடம்பு, அவங்களுக்குத் தெரியணும் என்றார்.

முடிவு வந்தது. தண்ணீரில் புற்றுநோய்க் கலங்கள் இருந்தன. மார்பிலிருந்த கட்டிதான் மூலம். கணவரை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் நான்தான் சொன்னேன். சின்ன உருவம், அதிகம் பேசாதவர். முழுவதையும் கேட்டார். பிறகு அவளுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கைகூப்பினார். நான் சரி என்றேன். அப்போதெல்லாம் எங்கும் அதுதான் வழக்கம். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் மறுத்துப் பேசவில்லை.

அடுத்த நாள் காலை எல்லாக் கட்டில்களையும் பார்த்து முடித்துக்கொண்டு அந்த அம்மாவின் கட்டிலுக்கு வந்தோம். அவர் ஏறி உட்கார்ந்து, தலைப்பைச் சரிசெய்துகொண்டு, டாக்டரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த அம்மாவுக்கு நேரெதிரே உட்கார்ந்து, மெதுவாகப் பேசத் தொடங்கினார். கனநேரம் பேசினார். இடையில் அந்த அம்மா இரண்டு கேள்விகள் கேட்டார். அவற்றுக்கும் பதில் சொன்னார்.

பிறகு அந்த அம்மா வழமைபோல என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்ஸி, டாக்டரய்யா சொல்றாரு. இந்த அம்மாவுக்கு மார்ல புத்துநோய். அது நெஞ்சுக்கூட்டுக்குள்ள போயி தண்ணி வைக்குது. முழுசா சொகமாக்க ஏலாது. ஆனா தண்ணி சேராம பண்ண ஒரு வழி இருக்கு, நோகும், செஞ்சு பாக்கலாம்னு சொல்றாரு."

நான் எழுதவில்லை. பேனா கையில் இருந்தது, எழுத வரவில்லை. அவர் நான் எழுதுவதற்காகக் காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"இந்த அம்மா சரின்னு சொல்றாங்க. எழுதிக்குங்க."

அதன்பிறகு எத்தனையோ வருடம் எத்தனையோ வாட்டுகளில் நின்றிருக்கிறேன். தன்னுடைய தீர்ப்பைத் தானே அப்படி வாசித்த ஒருவரை நான் வேறெங்கும் காணவில்லை.

தண்ணீர் மறுபடி சேரத் தொடங்கியிருந்தது. முதலில் எட்டு நாளுக்கு ஒருமுறை எடுத்தோம், பிறகு ஆறு நாளுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் உடம்பின் சத்தும் அதோடு போகும். முகம் வற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் சொன்ன வழி, கொழும்பில் தன் பெரிய டாக்டர் செய்யும்போது அவர் கூட நின்று பார்த்தது. நுரையீரலைச் சுற்றி ஓர் உறை, நெஞ்சுச் சுவரின் உட்பக்கம் இன்னோர் உறை. இரண்டுக்கும் இடையில்தான் தண்ணீர் தேங்குகிறது. குழாய் போட்டு அதை முழுவதும் வடியவிட்டு, உள்ளே ஒரு மருந்தைச் செலுத்தினால் இரண்டு உறைகளும் புண்பட்டு, பசை பூசிய தாள்கள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தேங்க இடம் இராது. அதற்கு, தண்ணீர் போனபின் நுரையீரல் விரிந்து சுவரைத் தொடவேண்டும். அது விரிகிறதா என்று எக்ஸ்றே எடுத்துப் பார்த்தார். விரிந்தது.

மருந்து ரெட்ராசைக்கிளின். காய்ச்சலுக்குக் கப்சூலாகக் கொடுப்போமே, அதேதான். ஆனால் ஊசி மருந்தாக வேண்டும். அது எங்களிடம் இல்லை. டாக்டர் மறுபடியும் கொழும்புக்குப் போய் வாங்கி வந்தார். குழாயை இணைக்கும் போத்தலை வாட்டு வேலைகளுக்கு உதவும் எங்கள் அற்றண்டன் ஒருவர் செய்து கொடுத்தார். பெரிய கண்ணாடிப் போத்தலின் இறப்பர் மூடியில் இரண்டு துளை போட்டு, இரண்டு கண்ணாடிக் குழாய்களை ஏற்றி, ஒன்றின் நுனி உள்ளேயிருக்கும் தண்ணீருக்குள் அமிழும்படி வைத்தார். நெஞ்சிலிருந்து வருவது வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. மூச்சு விடும்போதெல்லாம் அந்தக் குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும். குழாய் இருந்த நாட்களெல்லாம் அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மூச்சைத் தன் கண்ணாலேயே பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது போலும்.

மருந்து போட்ட அன்று காலை பத்து மணியிருக்கும். முதலில் விறைப்பு மருந்தை உள்ளே விட்டோம். ஆனாலும் ரெட்ராசைக்கிளின் போனதும் அவருடைய முகம் வெளிறிவிட்டது. குழாயைக் கவ்வியால் பூட்டினோம். மருந்து எல்லா இடமும் படவேண்டும் என்பதால் கால்மணிக்கு ஒருமுறை புரளவேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க, குப்புற, பிறகு கால்மாட்டை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி. இரண்டு மணித்தியாலம். படுக்கவே முடியாதிருந்த மனுசி, தீ வைத்தது போன்ற நோவோடு இத்தனை விதமாகப் படுக்கவேண்டியிருந்தது. துவாயை மடித்துப் பல்லுக்கிடையில் கொடுத்தேன். வியர்வையில் தலையணை நனைந்தது. ஒவ்வொரு கால்மணி முடியும்போதும் துவாயை எடுத்துவிட்டு, "அடுத்தது எந்தப் பக்கம் மிஸ்ஸி?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. டாக்டர் மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு மணித்தியாலமும் எழும்பவேயில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் அன்று போகவில்லை.

இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. நான்காம் நாள் குழாயைக் கழற்றினோம். ஒரு கிழமை கழித்து எக்ஸ்றே எடுத்தபோது இடப்பக்கம் கறுப்பாக, காற்று நிறைந்து தெரிந்தது. டாக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்த அம்மாவுக்குக் காட்டினார். அன்று பின்னேரம் அவர் மல்லாந்து படுத்து நித்திரையாகிவிட்டார். பின்னேரச் சுற்றுக்கு வந்த டாக்டர் அதைக் கண்டுவிட்டு, மற்றக் கட்டில்களில் குசுகுசுத்த குரலில் என்னோடு ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டுப் போனார். அந்த அம்மா அப்படியே மூன்று மணி நேரம் நித்திரை கொண்டார்.

தண்ணீர் மறுபடி வரவில்லை. கட்டிக்குக் கொழும்புப் பக்கம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில கிழமை இருந்து, குளிசைகளோடு திரும்பி வந்தார். மாதம் ஒருமுறை எங்கள் கிளினிக்குக்கு வருவார். வரும் நாட்களில் மொழிபெயர்ப்பு வேலையையும் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். டாக்டரும் அவரிடமிருந்து தமிழ் பிடித்துக்கொண்டார். 'சொல்லுங்க', 'நோவுதுங்களா' என்று அவர் மலையகத் தமிழில் கேட்கும்போது, எங்கள் வன்னிச் சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

ஒருநாள் கிளினிக் முடிகிற நேரம் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் அந்த அம்மா. எல்லோரும் அவருடைய குடியேற்றத்துப் பெண்கள். நோய் என்று ஒருவருக்கும் இல்லை. மார்பைப் பார்த்துக் கட்டி இருக்கிறதா என்று சொல்லவேண்டும் என்றார். டாக்டருக்குக் காது சிவந்துவிட்டது. என்னை முதலில் பார்க்கச் சொல்லி, எப்படித் தடவிப் பார்ப்பதென்று ஒரு துணிச்சுருளில் காட்டித் தந்தார். திரைக்குப் பின்னால் போனதும் முதலாவது பெண் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா திரையை விலக்கி உள்ளே வந்தார்.

"நான் மறைச்சு வச்சேன். மறைச்சு என்னத்தக் கண்டேன்? மிஸ்ஸிகிட்ட காட்டு புள்ள."

அவள் கையை எடுத்தாள். அதன்பிறகு ஒருவரும் முரண்டு பிடிக்கவில்லை. ஏழாவதாக வந்த பெண்ணுக்கு முப்பது வயதும் இராது. வலது மார்பின் ஓரத்தில் கடலையளவு ஒன்று என் விரலுக்குத் தட்டுப்பட்டது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்துவிட்டு அன்றே கடிதம் எழுதினார். போக மறுத்த அவளை அந்த அம்மாதான் கொழும்புவரை கூட்டிப்போய், சத்திரசிகிச்சை முடியும்வரை அங்கே கூட இருந்தார். பல வருடம் கழித்து வவுனியாச் சந்தையில் அவளைக் கண்டேன். தோளுயரத்துக்கு வளர்ந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்றது.

நெஞ்சுத் தண்ணீரை நிறுத்திய பிறகு அந்த அம்மா பதினான்கு மாதம் இருந்தார். கடைசியில் நோய் ஈரலுக்குப் போய்க் கண் மஞ்சளாகியது. ஆஸ்பத்திரியில் கிடக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி ஜீப் அந்தப் பக்கம் போனபோது டாக்டரும் நானும் போய்ப் பார்த்தோம். பாயில் படுத்திருந்தவரை மெதுவாகத் தூக்கி இருத்தி டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே சத்தம். நோவுக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்தோம். நாங்கள் புறப்படும்போது, அந்த அம்மா எங்கள் வாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கட்டில் வாரியாக விசாரித்தார்.

அடுத்த மாதக் கிளினிக்கில் அவருடைய கணவர் வரிசையில் நின்றார். கையில் அந்த அம்மாவின் அட்டை. முறை வந்து டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும், போன வியாழக்கிழமை காலை போய்விட்டாள், மூச்சுக்கு ஒரு கரைச்சலும் இல்லை என்றார். தனக்காக நேரம் ஒதுக்கி வைத்திருப்பார்கள், அதை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அந்த அம்மா முதல்நாளே சொல்லியிருந்தாராம்.

டாக்டர் அட்டையை வாங்கி மேசையில் வைத்தார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அவர் இல்லை என்றார். டாக்டர் எழுந்து, அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு எங்கள் சாப்பாட்டு அறைக்குப் போனார். நான் வெளியே வந்து, வரிசையில் நின்றவர்களிடம் டாக்டர் கொஞ்சம் பிந்தித்தான் வருவார் என்று சொன்னேன்.